யாருக்கு இந்த வழிகாட்டி?

ஞாயிற்றுக்கிழமை காலை. தில்லி ஆசஃப் அலி சாலையில், பிராட்வே ஓட்டலுக்கு எதிரே இருக்கும் மகிளா ஹாட் மைதானத்தில் வியாபாரிகள் மூட்டைகளைப் பிரிக்கிறார்கள். துணிமணி, பாத்திரம் எதுவும் இல்லை. உள்ளே இருப்பதெல்லாம் புத்தகங்கள். தரியாகஞ்ச் ஞாயிறு புத்தகச் சந்தை பல பத்தாண்டுகள் தில்லி கேட் பக்கத்து நடைபாதையில் நடந்தது. 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நடைபாதையை விட்டு இந்த மதிலுக்குள் வந்தது. இடம் மாறினாலும் குணம் மாறவில்லை. ஒரு பக்கம் நுழைவுத் தேர்வு நூல்கள், ஒரு பக்கம் எடைபோட்டு விற்கப்படும் ஆங்கில நாவல்கள், நடுவே யாரோ யாருக்கோ பிறந்த நாளுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த கவிதைத் தொகுப்பு.

ஒரு மூலையில் பயணக் கையேடுகளின் குவியல். உலகம் முழுவதும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. கிரீஸின் மேல் ஜப்பான், ஜப்பானின் மேல் பெரு. ஊர் மாறிப் போன குடும்பங்களும் படிப்பு முடித்துப் போன மாணவர்களும் கழித்துவிட்டவை போலும். சிலவற்றில் விமான அனுமதிச் சீட்டு இன்னும் அடையாளத்துக்குச் செருகப்பட்டிருக்கிறது.

2024 அக்டோபரில் அப்படியொரு ஞாயிறன்று, மயூர் விஹாரிலிருந்து வந்த ஒரு தம்பதி இந்தக் குவியலின் முன் முக்கால் மணி நேரம் குந்தியிருந்தார்கள். கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தில்லியில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டு தமிழாசிரியையாக இருந்தவர், கும்பகோணத்துக்காரர். அக்கம்பக்கத்து வீடுகளில் பலர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வருகிறார்கள். இவர்களுக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. இவர்கள் போக விரும்பியது கோயில் பார்க்க: கம்போடியாவின் அங்கோர் வாட்.

வங்கி வைப்பு ஒன்று முதிர்ந்திருந்தது. ஆசிரியைக்கு இடது முழங்காலில் வலி. இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டால் பணம் இருக்கும், கால் இருக்காது. முதல் வெளிநாட்டுப் பயணம், அநேகமாகக் கடைசியும். சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் ஏறி, வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் ஓடுவதில்லை என்று தீர்மானித்திருந்தார்கள். ஆகவே ஒரு புத்தகம் வேண்டும்.

"எதுக்குங்க இவ்வளவு யோசனை? அங்கோர்னு போட்டிருக்கு, எடுத்துக்கலாம்" என்றார் ஆசிரியை.

"விலை கம்மிதான். ஆனா இது யாருக்கு எழுதினதுன்னு பாரு" என்றார் கணவர்.

அவர் கையில் இருந்தது 2011இல் அச்சான தடிமனான கையேடு. எண்பது ரூபாய் சொன்னார் வியாபாரி. கணவர் திருப்பிக் காட்டியது, தாய்லாந்து வழியாகப் போவோருக்கான விசாப் பக்கம். பெரும்பாலான பயணிகளுக்கு விசா தேவையில்லை என்று அதில் இருந்தது. அந்தப் பெரும்பாலோரில் அன்று இந்தியர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியருக்கும் விசா விலக்கு அளித்தது. அச்சான நாளில் இந்திய வாசகரைப் பொறுத்தவரை தவறாக இருந்த வரி, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தானாகவே சரியாகிவிட்டது. இரண்டு முறையும் புத்தகம் இவர்களை நினைத்துப் பார்க்கவில்லை.

முகம் தெரியாத வாசகர்

எல்லாப் பயணக் கையேடுகளும் எல்லாருக்கும் பொதுவானவை போலத்தான் தோற்றமளிக்கின்றன. ஊர், தூரம், கட்டணம், உணவு என்று தகவலாகக் கொட்டியிருக்கும் நூலில் பாரபட்சத்துக்கு எங்கே இடம்? ஆனால் கையேடு எழுதியவர் மனத்தில் எப்போதும் ஒரு வாசகர் உட்கார்ந்திருக்கிறார். அவர் எந்த நாட்டவர், பையில் எவ்வளவு பணம், என்ன சாப்பிடுவார், எதைப் பார்த்தால் வியப்பார், எதைக் கண்டு பயப்படுவார் என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்ட விஷயங்கள்.

இந்த வரலாறு நெடியது. லண்டனில் ஜான் மர்ரே நிறுவனம் 1836இல் ஐரோப்பியப் பயணக் கையேட்டை வெளியிட்டது. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் கார்ல் பெடேக்கர் அதே காலத்தில் சிவப்பு அட்டை நூல்களுக்கு அடித்தளமிட்டார். 1840களில் அவர் முக்கியமான இடங்களுக்கு நட்சத்திரக் குறி போடத் தொடங்கினார். எதைப் பார்க்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்யும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. மர்ரேயின் இந்தியக் கையேடு 1859இல் சென்னை, பம்பாய் மாகாணங்களோடு தொடங்கியது. அதன் வாசகர் ஆங்கிலேயர். இந்தியர் அதில் பார்க்கப்படுகிறவர், படிக்கிறவர் இல்லை.

பிரான்ஸில் மிஷ்லின் கையேடு 1900இல் வந்தது. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் உணவகங்களுக்கு வழங்கும் நட்சத்திரங்கள் நினைவுக்கு வரும். மிஷ்லின் உண்மையில் டயர் நிறுவனம். கார் வைத்திருப்பவர் அதிக தூரம் ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் புதிது வாங்குவார். அந்த இலவசக் கையேட்டின் வாசகர் யார் என்பதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. 1957இல் அமெரிக்கரான ஆர்தர் ஃப்ரோமர், நாளுக்கு ஐந்து டாலரில் ஐரோப்பா என்று தலைப்பிலேயே வாசகரின் சட்டைப்பையை அளந்து காட்டினார். 1973இல் டோனி வீலர், மோரீன் வீலர் தம்பதி, லண்டனிலிருந்து தரைவழியாக ஆசியாவைக் கடந்த அனுபவத்தை ஒரு சிறு நூலாக்கினார்கள். அதிலிருந்து லோன்லி பிளானட் பிறந்தது. 1981இல் அவர்களுடைய இந்தியக் கையேடு வெளிவந்தது. அதன் வாசகர் முதுகில் பையோடு வரும் மேலை நாட்டு இளைஞர்.

இதில் யாரையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவரவர் தம் ஊர்க்காரருக்கு எழுதினார்கள். சிக்கல், வேறொருவருக்கு எழுதிய கடிதத்தை நம்முடையது என்று நினைத்துப் பிரிப்பவருக்குத்தான்.

அங்கோரே இதற்குச் சாட்சி. 1296இல் சீனத் தூதுக் குழுவோடு அங்கே வந்த ஜோ தாகுவான் ஏறக்குறைய ஓராண்டு தங்கி, கண்டதை எழுதிவைத்தார். அரண்மனை, திருவிழா, குளியல் பழக்கம் என்று விரியும் குறிப்புகளின் நடுவே அந்த நாட்டில் என்ன விளைகிறது, எந்தச் சீனப் பொருளுக்கு அங்கே கிராக்கி என்ற தகவல்களும் உண்டு. அவர் மனத்தில் இருந்த வாசகர் சீனர். அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அங்கோரின் முதல் பாதுகாப்பாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழான் கொமாய் 1912இல் ஒரு கையேடு எழுதினார். அதே பதவியில் பின்னர் இருந்த மொரிஸ் கிளேஸ் 1944இல் சைகோனில் வெளியிட்ட நூலை, கோயில் கோயிலாக நடந்து பார்க்க விரும்புவோர் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். இவர்களுடைய வாசகர் பிரெஞ்சு தெரிந்த கனவான். ஒரே கோயில்தான், எழுதியவர் நினைத்த வாசகர் மாற மாற, கோயிலும் வேறாகிறது.

பழைய பெயர், பழைய வழக்கம்

வீடு திரும்பும் வழியில் மெட்ரோ ரயிலில் ஆசிரியைக்கு நினைவு வந்தது பத்துப்பாட்டு. அந்தப் பத்தில் ஐந்து ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞர், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞரை நிறுத்தி, எந்த வழியில் போக வேண்டும், இடையில் யார் சோறு போடுவார்கள், போய்ச் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று சொல்வது. முப்பது வருடம் வகுப்பில் அதைப் புரவலர் புகழ் என்றே நடத்தியவருக்கு, அது வழிகாட்டி நூல் என்பது அன்றுதான் உறைத்தது.

மலைபடுகடாத்தை எடுத்துக்கொண்டால், செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லப்படுகிறது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். காட்டுப் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் கவணில் எறியும் கல்லுக்கு எப்படித் தப்புவது, பாசி படிந்து வழுக்கும் இடங்களில் எப்படிக் கால் வைப்பது, இரவில் எங்கே ஒதுங்குவது என்று நுணுக்கமான எச்சரிக்கைகள். இசைக் கருவிகளைச் சுமந்துகொண்டு, பெண்டு பிள்ளைகளோடு நடப்பவர்களுக்கு என்ன தேவையோ அதுதான் இருக்கிறது. தேரில் போகும் அரசனுக்கு அதில் பாதி வேண்டாம்.

அதைவிட முக்கியம் தலைப்பு. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை. மலைபடுகடாத்துக்கும் கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர் உண்டு. திருமுருகாற்றுப்படை மட்டுமே இறைவன் பெயரைத் தாங்கியது. மற்றவற்றின் தலைப்பில் ஊரின் பெயர் இல்லை. வாசகரின் பெயர் இருக்கிறது. இந்த வழி யாருக்கு என்பதை முதல் சொல்லிலேயே சொல்லிவிட்டுத்தான் வழி தொடங்குகிறது. இன்றைய கையேட்டின் அட்டையில் நாட்டின் பெயர் மட்டும்தான். வாசகரின் பெயரை நாமே உள்ளே போய்த் தேட வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டு மேஜைச் சோதனை

அடுத்த வாரம் மயூர் விஹார் வீட்டின் சாப்பாட்டு மேஜையில் மூன்று நூல்கள் இருந்தன. ஒன்று, எண்பது ரூபாய்க்கு வாங்கிய 2011ஆம் ஆண்டுப் பழசு. இரண்டு, கடையில் புதிதாக வாங்கிய கையேடு. மூன்று, கோயில்களைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு நூல், நண்பரின் இரவல். கணவர் அரசு அலுவலகத்தில் கோப்புப் பார்த்த பழக்கத்தில் ஒவ்வொன்றையும் சோதனைக்கு உட்படுத்தினார்.

முதல் சோதனை, தலைப்புப் பக்கத்தின் பின்புறம். பதிப்பு எந்த ஆண்டு? மறு அச்சின் ஆண்டு கணக்கில்லை; பதிப்பின் ஆண்டுதான் கணக்கு. கையேடு கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே தகவல் திரட்டும் வேலை முடிந்துவிடுகிறது. ஆக, நேற்று வாங்கிய புத்தகத்துக்கும் ஓரிரு வயது கூடுதல். 2011 நூல், அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 20 டாலர், மூன்று நாளைக்கு 40 டாலர் என்றது. 2017 பிப்ரவரியிலிருந்து அது 37, 62 டாலர் ஆகிவிட்டது. இருவருக்கு மூன்று நாள் என்றால் 44 டாலர் துண்டு விழும். அதே நூல், விமான நிலையம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றது. அந்த விமான நிலையம் மூடப்பட்டு, 2023 அக்டோபரில் சியம் ரீப் நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் புதியது திறக்கப்பட்டது. இரவு விமானத்தில் இறங்கி, பத்து நிமிடத்தில் விடுதி என்று நம்பியிருந்தால் என்ன ஆகும்?

இரண்டாவது சோதனை, சாப்பாட்டுப் பக்கம். கம்போடியச் சமையலில் மீன் சாறும், பிரஹோக் எனப்படும் புளிக்கவைத்த மீன் விழுதும், நம் சமையலில் உப்பு, புளி போல. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு, மீன் சாறு ஊற்றிய கீரையைக் கொண்டுவருவார்கள். கேட்டவரை ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. அந்த ஊர்க் கணக்கில் அது மரக்கறி. புதிய கையேடு இதை ஒரு வரியில் சொன்னது. பழையது சொல்லவே இல்லை; பொரித்த சிலந்தி எங்கே கிடைக்கும் என்பதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. வாசகரின் வயிறு எந்த நாட்டுடையது என்பது இங்கே வெளிப்பட்டுவிட்டது.

மூன்றாவது சோதனை, எச்சரிக்கைகள். குழாய்த் தண்ணீர் குடிக்காதே, தெருவில் கவனமாகக் கட, ஆட்டோவுக்கு முன்கூட்டியே பேரம் பேசு என்றெல்லாம் பக்கம் பக்கமாக அறிவுரை. தில்லியில் நாற்பது வருடம் காலம் தள்ளியவர்களுக்கு இது சிரிப்பைத்தான் வரவழைத்தது. கோயிலில் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும் என்பதற்கு ஒரு பத்தி. சேலை கட்டுபவருக்கு அது தேவையில்லை. ஆனால் சற்றே கிழிந்த டாலர் நோட்டை அங்கே வாங்க மாட்டார்கள் என்பது இவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. அது உருப்படியான தகவல்.

நான்காவது சோதனையைக் கண்டுபிடித்தவர் ஆசிரியை. நமக்குத் தெரியாத ஊரைப் பற்றிப் புத்தகம் சொல்வது சரியா என்று எப்படித் தெரியும்? நமக்குத் தெரிந்த ஊரைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பார்த்தால் போயிற்று. அதே பதிப்பகத்தின் இந்தியத் தொகுதியைப் புத்தகக் கடையில் எடுத்துக் கும்பகோணத்தைத் திறந்தார். பேருந்து நிலையம், ரயில் நேரம், தங்குமிடம் எல்லாம் கச்சிதம். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள் என்பது கூட இருந்தது. மகாமகத்துக்கு இரண்டு வரி. டிகிரி காபியைப் பற்றி மூச்சே இல்லை. தாராசுரத்துக்கு ஒரு பத்தி. சிற்பங்கள் அழகானவை, அவ்வளவுதான்.

"இதை நம்பி நடக்கலாம், பாக்கறதுக்கு நம்பக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

இரவல் நூல் அதற்கு நேர் எதிர். எந்தச் சுவரில் எந்தக் கதை, எந்த அரசன் காலத்தில் எந்தக் கோபுரம் என்று விரல் பிடித்துக் காட்டியது. கழிப்பறை எங்கே, நிழல் எங்கே என்ற கவலையே அதற்கு இல்லை. முடிவில் இரண்டையும் எடுத்துச் செல்வதென்று ஆயிற்று. காலுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. கைப்பேசி இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணவர் சொன்ன பதில் சுருக்கமானது: கைப்பேசியில் ஐந்து நட்சத்திரம் போட்ட ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு முழங்கால் வலி?

இடமா, வலமா?

2024 டிசம்பரில் பாங்காக் வழியாகச் சியம் ரீப் போய் இறங்கினார்கள். நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் முதல் பாடம். கம்போடியருக்குக் கட்டணம் கிடையாது, வெளிநாட்டாருக்கு உண்டு. தாஜ்மகாலில் ஐம்பது ரூபாய்ச் சீட்டோடு உள்ளே போய், பக்கத்து வரிசையில் 1,100 ரூபாய் கொடுப்பவர்களைப் பார்த்தவர்கள் இப்போது அந்த மற்ற வரிசையில் நின்றார்கள்.

அங்கோர் வாட் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய கோயில். பின்னர் பௌத்தத் தலமாயிற்று. வாசல் மேற்கு நோக்கியது. உள்ளே சுற்றுச் சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பங்கள். மேற்கு வாசலில் நுழைந்த தம்பதி, யாரும் சொல்லாமலே இடப்பக்கம் திரும்பினார்கள். கருவறை வலக்கைப் பக்கம் இருக்க நடப்பது கும்பகோணத்துக் கால்களின் பழக்கம். முதலில் எதிர்ப்பட்டது இலங்கைப் போர். அனுமன் தோளில் நிற்கும் இராமனை அடையாளம் காணப் புத்தகம் தேவைப்படவில்லை. ஆனால் அடுத்தடுத்த சுவர்களில் புத்தகமும் கோயிலும் ஒத்துவரவில்லை. பக்கங்களைப் பின்னாலிருந்து முன்னால் புரட்ட வேண்டியிருந்தது.

காரணம் பிறகு புரிந்தது. அந்தச் சிற்பங்கள் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பவருக்காக வரிசைப்படுத்தப்பட்டவை. குருட்சேத்திரம், அரசனின் படை அணிவகுப்பு, சொர்க்க நரகம், கிழக்குச் சுவரில் பாற்கடல் கடைதல் என்று இடச்சுற்றாகப் போகிறது வரிசை. இறுதிச் சடங்கில் இடமாகச் சுற்றும் முறையோடு ஆய்வாளர் சிலர் இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். இரண்டு கையேடுகளும் வலப்பக்கம் திரும்பு என்றுதான் எழுதியிருந்தன. ஆனால் படிக்காமலே இடப்பக்கம் திரும்பிவிடும் ஒரு வாசகர் இருப்பார் என்று நினைத்து, கவனம், உன் கால் உன்னை மறுபக்கம் இழுக்கும் என்று எச்சரிக்கவில்லை. திருமால் யார் என்று விளக்க மட்டும் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது.

வாசகர் தன் பங்கைச் சேர்த்தால்தான் கையேடு முழுமை பெறுகிறது என்பதற்கு இன்னொரு உதாரணம். மேல் அடுக்கு பௌத்த விரத நாட்களில் மூடியிருக்கும் என்று புதிய கையேடு சொன்னது. எந்த நாட்கள் என்று சொல்லவில்லை. ஆசிரியையின் பையில் தமிழ்த் தினசரி நாட்காட்டியின் டிசம்பர் தாள்கள் இருந்தன. அந்த விரத நாட்களும் பிறையின் கணக்குத்தான். அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசையைப் பார்த்து, ஒரு நாள் முன்பின் விட்டுக்கொண்டு திட்டமிட்டார்கள். விடுதி வரவேற்பாளரைக் கேட்டுச் சரிபார்த்தபோது கணக்கு தப்பவில்லை.

மேல் அடுக்குக்குக் கணவர் மட்டும் ஏறினார். செங்குத்தான படிகள். பழைய கல்படிகளின் மேல் மரப்படியும் கைப்பிடியும் போட்டிருக்கிறார்கள். ஆசிரியை இரண்டாம் அடுக்கின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று புத்தகம் எச்சரித்திருந்தது. முழங்காலைப் பற்றியோ, உட்கார இடம் இருப்பதைப் பற்றியோ அதில் ஒன்றுமில்லை. அங்கே உட்கார்ந்துதான் அவர் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

மறுநாள் தா புரோம். ஏழாம் ஜெயவர்மன் கட்டிய கோயில். சுவர்களை விழுங்கி நிற்கும் மரவேர்கள். பழைய கையேடு அதை ஒரு ஹாலிவுட் படத்தின் பெயரோடு சேர்த்துச் சொன்னது. அங்கே இந்தியத் தொல்லியல் துறை 2000களிலிருந்து புனரமைப்பு வேலை செய்திருக்கிறது. அதற்கு முன்பு, உள்நாட்டுப் போரின் நிழல் விலகாத 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டிலேயே அத்துறை பணியாற்றியது. கல்லைச் சுத்தம் செய்த முறை அன்று விமர்சனத்துக்கும் உள்ளானது. இந்திய வாசகருக்கு ஹாலிவுட் படத்தைவிட இது நெருக்கமான செய்தி. கெமர் எழுத்துகளைப் பார்த்து இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தமிழாசிரியை நின்றதற்கும் காரணம் உண்டு. அந்த எழுத்தின் மூலம் பல்லவ எழுத்து. இவையெல்லாம் அவருக்காக எழுதப்படும் நூலில் முதல் பக்கத்தில் இருக்கும்.

நோட்டுப் புத்தகம்

திரும்பும்போது விமானம் வேண்டாம் என்று, போய்பெட் எல்லைச் சாவடி வழியாகத் தரைமார்க்கமாகப் பாங்காக் வந்தார்கள். அதுவும் நோட்டில் ஏறியது: காலையிலேயே கிளம்பவும், இரு பக்கத்திலும் வரிசை நீளம், தயிர்ச் சாதத்துக்கு வழியில்லை.

தமிழில் பயண இலக்கியத்துக்குக் குறைவில்லை. ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றிவந்து எழுதியதையும், மணியனின் பயணத் தொடர்களையும் படித்து வளர்ந்த தலைமுறை இது. ஆனால் பயணக் கட்டுரை, போனவர் கண்டதைச் சொல்வது. போகப் போகிறவருக்கு என்ன தேவை என்று நினைத்து எழுதுவது வேறு வகை. ஆற்றுப்படைக்குப் பிறகு அந்த வகை தமிழில் செழிக்கவில்லை. கோயில் யாத்திரைக் கையேடுகள் விதிவிலக்கு. அவற்றின் வாசகர் யார் என்பதில் சந்தேகமே எழாததால்தான் அவை இன்றும் பயன்படுகின்றன.

ஆசிரியையின் நோட்டு மயூர் விஹாரில் வீடு வீடாகப் போயிற்று. மரப்படியில் ஏறும்போது பயமில்லை, இறங்கும்போது உண்டு என்ற வரியின் கீழ் யாரோ பென்சிலால் ஆமோதித்திருந்தார்கள். மீன் சாறு கூடாது என்று கெமர் மொழியில் எழுதி வாங்கிய துண்டுச் சீட்டைப் பலர் படமெடுத்துக்கொண்டார்கள்.

2025 ஜூலையில் ஒரு குடும்பம் நோட்டைக் கேட்டு வந்தது. தரைவழியாகவே போய்வர நினைத்திருந்தார்கள். ஆசிரியை உடனே கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் தாய்லாந்து, கம்போடியா எல்லைச் சாவடிகள் மூடப்பட்டிருந்தன. அந்த ஜூலை இறுதியில் இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. ஏழு மாதம் முன்பு அவரே நடந்து, அவரே எழுதிய வரி பொய்யாகிவிட்டது. கடையில் வாங்கிய கையேடு அலமாரியில் அப்படியே இருந்தது, எல்லையைத் திறந்துவைத்துக்கொண்டு.

அவர் சிவப்பு மையால் அந்தப் பத்தியை அடித்தார். பக்கத்தில் தேதியும் போட்டார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு வரிக்கும் எதிரே எப்போது பார்த்தது என்று தேதி எழுத ஆரம்பித்தார். வந்தவர்கள் இரண்டாவது காபி குடித்து முடிக்கும் வரை அது நடந்தது.

அட்டையில் அதுவரை எதுவும் எழுதியிருக்கவில்லை. கொடுப்பதற்கு முன் அதையும் நிரப்பினார். அங்கோர் என்றோ கம்போடியா என்றோ எழுதவில்லை. முழங்கால் வலியுள்ள, மரக்கறி சாப்பிடும், சொந்தக் காசில் போகும் மயூர் விஹார்க்காரர்களுக்கு என்று எழுதினார்.